கடைமடை அணியின் கணக்கு

மன்னார்குடியில் நாங்கள் ஆடும் கூடைப்பந்து கோர்ட் சிமென்ட் தரை. வடக்குப் பக்க வளையத்துக்குக் கீழே தரை கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். ஐப்பசி மழை பிடித்தால் அங்கே குட்டை கட்டிவிடும். கடைசியாக வருகிறவன்தான் பழைய சாக்கைப் போட்டுத் துடைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்தக் கோர்ட்டுக்குப் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வருகிறான். அருமையான கை அவனுக்கு. பந்தை விட்ட பிறகும் மணிக்கட்டு மடங்கியபடி அப்படியே நிற்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரே குறை, பந்து கையை விட்டதும் தன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வான். நின்ற இடத்திலேயே நின்று, விழுகிறதா இல்லையா என்று வேடிக்கை பார்ப்பான்.

"ஏன்டா நிக்கிற, உள்ள போ!"

"அதான் போட்டாச்சுல்லண்ணே."

போட்டாச்சு, சரி. முறை இன்னும் முடியவில்லையே?

முறை என்றால் என்ன என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் தண்ணீர் நிறைய இருக்கும் வருஷத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. குறைந்துபோன வருஷத்தில்தான் முறைப்பாசனம் வரும்: இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு. முறை முடிந்தால் ஷட்டர் இறங்கிவிடும். என் அப்பாவுக்கு நிலம் இருந்தது முத்துப்பேட்டைப் பக்கம், சரியான கடைமடை. முறை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் தலைமடைக்காரன் வயலை நிரப்பிய பிறகு மிஞ்சியதுதான் எங்களுக்கு. அதிக நாள் கேட்டு வாங்க முடியாது. அதனால் அப்பா இரண்டு வேலை செய்வார். ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் எலி வளை, நண்டு வளையையெல்லாம் அடைப்பார். அப்புறம், மேல் வயல்களிலிருந்து வடிகாலுக்கு ஓடும் தண்ணீரை மண் போட்டு மறித்து, திரும்ப நம் வயலுக்குத் திருப்புவார். ஒரு புது கூடைப்பந்து அணி சில வருஷத்தில் பெரிய அணிகளை வீழ்த்துவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

கூடைப்பந்திலும் முறை உண்டு. நீங்கள் கூடை போட்டால் பந்து எதிரணிக்கு. தவறி அவர்கள் பிடித்தாலும் அவர்களுக்கு. வழியில் கோட்டைவிட்டாலும் அவர்களுக்குத்தான். ஆக, முறை மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. ஆட்டம் முடியும்போது இரண்டு அணிக்கும் கிடைத்த முறைகளை எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டுக்கு மேல் வித்தியாசம் இருக்காது. ஐரோப்பியப் பாணி 40 நிமிட ஆட்டத்தில் தலைக்குச் சுமார் 70, 75 முறை. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவின் 48 நிமிடத்தில் சுமார் 100. 'அவங்க வேகமா ஆடினாங்க, அதனால நிறைய வாய்ப்பு' என்று சொல்வதில் பாதிதான் உண்மை. அவர்கள் வேகமாக ஆடினால் நமக்கும் அத்தனை முறை கூடும்.

இந்த முறைக்கு முதலில் கால வரம்பே கிடையாது. பந்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி, பலசாலியான மினியாபொலிஸ் லேக்கர்ஸுக்கு எதிராக அதைத்தான் செய்தது. ஆட்டம் 19–18 என்று முடிந்தது. 48 நிமிஷம், இரண்டு அணியும் சேர்ந்து 37 பாயிண்ட்! டிக்கெட் வாங்கி வந்தவர்களின் மனநிலையைச் சொல்லத் தேவையில்லை. 1954-ல் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் ஒரு கணக்கோடு வந்தார். நல்ல சுவாரஸ்யமான ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 ஷாட் போடுகின்றன, 48 நிமிஷம் என்றால் 2,880 விநாடி, வகுத்தால் 24. அந்த 24 விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும்; என்பிஏவிலும் சர்வதேச ஆட்டங்களிலும் இன்றும் அதுதான் ஷட்டர் இறங்கும் நேரம்.

சரி, முறை சமம் என்றால் ஜெயிப்பது எதனால்? ஒவ்வொரு முறையிலும் எத்தனை பாயிண்ட் விளைகிறது என்பதால். மா ஒன்றுக்கு எத்தனை மூட்டை என்று கேட்பது போல.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டு அணி. இரண்டுக்கும் 72 முறை. இரண்டுமே 12 முறை பந்தைத் தொலைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆக 60 முறை ஷாட் வரைக்கும் போகிறது. இரண்டு அணிக்கும் கை ஒரே மாதிரி: நூற்றுக்கு 45 விழும். இரண்டு பாயிண்ட் ஷாட்டும் மூன்று பாயிண்ட் ஷாட்டும் கலந்து பார்த்தால் ஷாட்டுக்குச் சராசரி ஒரு பாயிண்ட். ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடுப்பில்லாத ஷாட்டை, அதாவது ஃப்ரீ த்ரோவை, இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரே வித்தியாசம், முதல் அணி தன்னுடைய தவறிய ஷாட்டுகளில் நூற்றுக்கு 40-ஐத் தானே பிடிக்கிறது. இரண்டாவது அணி 25-ஐத்தான் பிடிக்கிறது.

அறுபது ஷாட்டில் 33 தவறும். முதல் அணி அதில் 13-ஐத் திரும்ப எடுத்து மறுபடி போடும். அந்த 13-ல் 7 தவறும், அதில் 3-ஐ மறுபடி பிடிக்கும். இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் 77 ஷாட். இரண்டாவது அணிக்கு இதே கணக்கு 70-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். கை சமம், முறை சமம், ஆனாலும் 77–70. ஏழு பாயிண்ட் எங்கிருந்து வந்தது? வடிகாலை மறித்ததில் வந்தது.

முறையை எண்ணுவதற்கு ஸ்கோர் ஷீட்டே போதும். போட்ட ஷாட்டுகளில் நாமே திரும்பப் பிடித்த ரீபவுண்டைக் கழிக்க வேண்டும், தொலைத்த பந்துகளைக் கூட்ட வேண்டும், ஃப்ரீ த்ரோக்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 0.44 மடங்கு, சேர்க்க வேண்டும். இரண்டு ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் ஒரு முறையைத்தான் தின்னும். கூடை விழுந்த பிறகு கிடைக்கும் உபரி ஃப்ரீ த்ரோ எதையும் தின்னாது. அதனால்தான் அரைக்குக் கீழே. இந்தக் கணக்கைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் டீன் ஆலிவர். சுற்றுச்சூழல் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர்க் கணக்குக்காரன் புத்தி எங்கே போகும்! ஒரு அணியின் வெற்றியை அவர் நான்காகப் பிரித்தார். ஷாட் விழும் தரத்துக்கு 40 பங்கு, பந்தைத் தொலைக்காமல் இருப்பதற்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15.

இதில்தான் புது அணிக்கான வழி ஒளிந்திருக்கிறது. முதல் நாற்பது பங்குக்குத்தான் சந்தையில் அடிதடி. நன்றாக ஷாட் போடுகிறவனை எல்லாருக்கும் தெரியும். பணக்கார அணி தூக்கிக்கொண்டு போய்விடும். அடுத்த 25-ம் 20-ம் அப்படியல்ல. அவற்றில் பெரும்பகுதியைப் பயிற்சியில் வளர்க்கலாம். கரை அடைப்பதற்கும் வடிகால் மறிப்பதற்கும் பெரிய பண்ணையார் தேவையில்லை. ராத்திரி தூக்கம் கெட்டால் போதும்.

பாரிஸ் பாஸ்கெட்பால் என்ற அணியை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 2018-ல் தொடங்கியது. என்பிஏவில் நிர்வாகியாக இருந்த டேவிட் கானும் அவருடைய கூட்டாளியும் ஹையர்-தூலோன் என்ற அணியின் உரிமத்தை வாங்கி, பிரான்ஸின் இரண்டாம் டிவிஷனில் இறங்கினார்கள். 2021-ல் முதல் டிவிஷன். அப்புறம் 2023-ல் டுவோமாஸ் ஈசலோ என்ற ஃபின்லாந்து கோச் வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய சீசனில் ஜெர்மனியின் பான் அணியை ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பை வரைக்கும் கொண்டுபோனவர் அவர். வரும்போது அங்கிருந்து தன் வீரர்கள் பலரையும் கூடவே கூட்டிவந்துவிட்டார். 2024-ல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோகப். அதே வருஷம் ஐரோப்பாவின் உச்ச மேடையான யூரோலீக்கில் இடம். 2025-ல் பணபலமுள்ள மொனாக்கோவைத் தோற்கடித்து பிரான்ஸ் சாம்பியன். ஏழு வருஷம்தான்.

பணமே இல்லாத அணி என்று சொல்ல வரவில்லை. பாரிஸில் புது அரங்கம், முதலீட்டாளர்கள் எல்லாம் உண்டு. ஆனால் பெரிய யூரோலீக் அணிகளோடு ஏலத்தில் மோதும் பணம் அது இல்லை. அந்த யூரோகப் சீசனின் சிறந்த வீரர் டி.ஜே. ஷார்ட்ஸ் ஆறடிகூட உயரமில்லாதவர். நம்மூர் காலேஜ் அணி ஒன்றின் நடுவில் நின்றால் தனியாகத் தெரிய மாட்டார்.

ஈசலோவின் ஆட்டத்தில் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று வேகம். இன்னொன்று, ஷாட் கிளம்பியதும் ரீபவுண்டுக்குப் பாயும் கூட்டம். குள்ளமான ஷார்ட்ஸ் வளையத்தை நோக்கி நுழைவதே இதற்குப் பாதி உதவி. அவரைத் தடுக்க எதிரணியின் நெட்டையன் தன் ஆளை விட்டுவிட்டு நகர்ந்தாக வேண்டும். ஷார்ட்ஸின் ஷாட் விழுந்தால் லாபம். தவறினாலும், அந்த நெட்டையன் விட்டுவந்த ஆள் வளையத்தடியில் தனியாக நிற்பான். தவறிய ஷாட்கூட ஒரு மாதிரி பாஸ் ஆகிவிடுகிறது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரீபவுண்ட் என்பது குதிப்பதல்ல, நிற்கும் இடம். மூலையிலிருந்து போட்ட ஷாட் தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போய் விழும். தூரத்து ஷாட் தூரமாகத் தெறிக்கும். வளையத்தின் விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 24. மிச்சம் இருக்கும் இடத்துக்குள்தான் எல்லாம்; விரல் கொஞ்சம் பிசகினால் விளிம்பில் பட்டு எகிறும். தடுப்பவன் வழக்கமாக என்ன செய்வான்? உங்களுக்கு முதுகைக் காட்டி, உங்களுக்கும் வளையத்துக்கும் நடுவில் நின்றுகொள்வான். அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக முண்டினால் ஃபவுல் விழும், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இப்போது பரவியிருக்கும் தந்திரம் நேர்மாறு. அவனைத் தாண்டவே தாண்டாதீர்கள். அவன் முதுகோடு நெஞ்சை ஒட்டி, வளையத்துக்கு நேர் கீழே தள்ளிக்கொண்டு போங்கள். வளையத்துக்கு நேர் கீழே நிற்பவனுக்கு வலையிலிருந்து விழும் பந்துதான் கிடைக்கும். எகிறும் பந்து அவன் தலைக்கு மேலே தாண்டி உங்கள் கைக்கு வரும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு, அதுதான் பழைய பயத்துக்கு மருந்து. எல்லாரையும் ரீபவுண்டுக்கு அனுப்பினால், பந்து எதிரணிக்குக் கிடைத்த நொடியில் அவர்கள் மறுபக்கம் ஓடி சுலபக் கூடை போட்டுவிடுவார்கள் என்பது பயம். அந்தப் பயத்தில்தான் என்பிஏ அணிகள் வருஷக்கணக்காகப் பின்வாங்கின. 2000-களின் தொடக்கத்தில் தம் தவறல்களில் நூற்றுக்கு 28 போலப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், 2018 வாக்கில் 22, 23 என்று இறங்கிவிட்டார்கள். ஆனால் எதிராளியின் முதுகுப் பக்கம் நிற்பவன், பந்து கைதவறிப் போனாலும் திரும்பி ஓடும் திசையில்தானே நிற்கிறான்? அவனை ஒட்டியே நிற்பதால் எதிராளியும் சட்டென்று கிளம்ப முடியாது. ஒரே வரப்பில் நின்று பாசனத்தையும் வடிகாலையும் பார்த்துக்கொள்வது போல. அப்புறம்தான் பலரும் மறுபடி உள்ளே பாயத் தொடங்கினார்கள்.

அந்தப் பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன். காதில் ஏறவில்லை. அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, ஸ்கோரை விட்டுவிட்டு ஷாட்டுகளை மட்டும் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுக்க எண்ணினான். முடிந்ததும், "அவனுங்க நம்மளவிட நிறைய போட்டிருக்கானுங்கண்ணே, எப்படி?" என்று கேட்டான். எப்படி என்று அவனே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஆட்டத்தில் ஏழு பாயிண்ட் அனுகூலம் இருந்தாலும் தோற்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். எதிரணிக்கு அன்றைக்குக் கை விழுந்துவிட்டால் அவ்வளவுதான். சின்ன அனுகூலம் தெரிய நிறைய ஆட்டம் வேண்டும். ஒரு ஆட்டத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 61 என்றால், ஐந்தில் மூன்று ஜெயிக்க வேண்டிய தொடரில் அது 70 ஆகிவிடும். நாக் அவுட் போட்டிகளே நடக்கும் நம் பக்கத்தில், நல்ல அணி ஒன்று முதல் சுற்றிலேயே மூட்டை கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். லீக் ஆட்டம் வைக்க இங்கே யாருக்கும் பொறுமையும் இல்லை, காசும் இல்லை.

இப்போது ஐப்பசி. மழை விட்ட சாயங்காலம். பந்து ஈரம், விரல் வழுக்குகிறது, இரண்டு பக்கமும் யாருக்கும் கை விழவில்லை. இந்த மாதிரி நாளில் ரீபவுண்டால் என்ன லாபம் என்று கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு 45 விழுந்தது 35 ஆகிவிட்டது. தவறல் கூடுவதால் திரும்பப் பிடிக்கும் பந்தும் கூடுகிறது: முதல் அணிக்கு 81 ஷாட், இரண்டாவது அணிக்கு 72-க்குக் கொஞ்சம் கீழே. ஷாட்டுக்கு விளைச்சல் முக்கால் பாயிண்டுக்குக் கொஞ்சம் மேலேதான். பெருக்கினால் 63–56. ஸ்கோர் மொத்தமாகச் சரிந்துவிட்டது, அந்த ஏழு மட்டும் அப்படியே நிற்கிறது.

நோட்டை மூடிவிட்டுப் பார்த்தால், பையன் வலது மூலையிலிருந்து ஒரு ஷாட் விட்டான். விளிம்பில் பட்டு எகிறியது. நிற்கவில்லை, குட்டையில் தண்ணீர் தெறிக்க, பந்து விழப்போகும் இடதுபக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான்.