பத்து நாள் படுக்கையும் ஆறு மாத விண்வெளியும்: தசை ஏன் கரைகிறது, ரத்தம் ஏன் ஒட்டுகிறது

நிமோனியா வந்து பத்து நாள் படுத்திருந்தவர் எழுந்து நின்றால் கால் கிடுகிடுவென்று நடுங்குகிறது. "காய்ச்சல் பலத்தையெல்லாம் உறிஞ்சிடுச்சு" என்பார்கள் வீட்டில். பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் செய்தது காய்ச்சல் அல்ல, கட்டில். நோய் நொடி இல்லாத ஆட்களை வாரக்கணக்கில் கட்டிலில் கிடத்தியும், விண்வெளிக்கு அனுப்பியும் பார்த்த ஆய்வுகள் இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டன.

1970 ஜூனில் சோயுஸ் 9 கலத்தில் ஆண்ட்ரியன் நிக்கோலயெவும் விட்டாலி செவஸ்த்யானொவும் ஏறத்தாழ 18 நாள் பூமியைச் சுற்றினார்கள். இறங்கியபோது அவர்களால் சரியாக நிற்கக்கூட முடியவில்லை. நல்ல திடகாத்திரமான விமானிகள், வேளைக்குச் சாப்பிட்டவர்கள், எந்த நோயும் இல்லாதவர்கள். கால்களுக்கு 18 நாள் வேலை இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

பன்னாட்டு விண்வெளி நிலையம் இருக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் இருப்பதில் 90 சதவீத ஈர்ப்பு அங்கேயும் உண்டு. நிலையமும் உள்ளே இருப்பவரும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எதுவும் எதையும் தாங்க வேண்டியதில்லை. உடம்புக்குக் கணக்கு இந்தத் தாங்கும் சுமைதான். மல்லாந்து படுத்தவரின் கெண்டைக்காலுக்கும் அந்தச் சுமை கிடையாது. அதனால்தான் விண்வெளி ஆய்வுக்குப் படுக்கையையே மாற்றாக வைத்திருக்கிறார்கள்: தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டில், உண்பது, குளிப்பது, மலம் கழிப்பது எல்லாம் படுத்தபடியே. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2019-ல் 24 பேர் இப்படி 60 நாள் கிடந்தார்கள்.

முதலில் கரைவது எது என்பதைக் கவனித்தால் விஷயம் பிடிபடும். கையல்ல. கெண்டைச் சதைக்கு அடியில் தட்டையாகக் கிடக்கும் சோலியஸ் தசை, முன்தொடைத் தசை, முதுகை நிமிர்த்தும் தசைகள் என்று, நாம் சும்மா நிற்கும்போதும் வேலை செய்பவைதான் முதலில் போகின்றன. ஆறு மாதம் நிலையத்தில் தங்கிய ஒன்பது பேரை அளந்த ஓர் ஆய்வில் கெண்டைத் தசையின் கன அளவு 13 சதவீதம் குறைந்திருந்தது. அதன் உச்சத் திறன் 32 சதவீதம் சரிந்திருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் முக்கியம். நாடாவால் காலை அளந்து "பெரிசா ஒன்னும் இளைக்கலை" என்று நிம்மதி அடைவது இதனால்தான் தவறு. மீதி இருக்கும் தசைக்குள்ளும் இழைகளின் தன்மை மாறுகிறது. சோலியஸின் மெதுவான, களைக்காத இழைகளில் ஒரு பங்கு வேகமாகக் களைக்கும் வகைக்குத் திரும்புகிறது. நரம்பும் எல்லா இழைகளையும் ஒருசேரக் கூப்பிடும் பழக்கத்தை விட்டுவிடுகிறது.

உள்ளே நடப்பது வரவு செலவுக் கணக்கு. தசைப் புரதம் நாள்தோறும் கட்டப்பட்டு, நாள்தோறும் உடைக்கப்படுகிறது. சுமை நின்றதும் கட்டுமானம் சில நாட்களிலேயே சுணங்குகிறது. உடைக்க வேண்டிய புரதத்துக்கு யுபிக்விடின் என்ற சீட்டை ஒட்டி அனுப்பும் நொதிகள் இருக்கின்றன. மர்ஃப்-1, அட்ரோஜின்-1 என்ற இரண்டும் 2001-ல் அடையாளம் காணப்பட்டவை. சுமை குறைந்தால் இவற்றின் கை ஓங்குகிறது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாடினைத் தடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க 2019 டிசம்பரில் 40 எலிகளை நிலையத்துக்கு அனுப்பினார்கள். மயோஸ்டாடின் இல்லாமல் பிறந்த எலிகளின் தசை எடையற்ற நிலையிலும் கரையவில்லை. நல்ல செய்திதான், ஆனால் எலிக்கு. இந்த வழியில் போன மருந்துகள் மனிதரிடம் இதுவரை அந்த அளவு பலம் தரவில்லை. 2025-ல் ஆக்சியம்-4 பயணத்தில் சுபான்ஷு சுக்லா செய்த சோதனைகளில் ஒன்று, பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தின் தசைச் செல் சோதனை. எடையற்ற நிலையில் தசை மறுபடி உருவாவது ஏன் சுணங்குகிறது, ஊட்டப் பொருள் சேர்த்தால் தேறுமா என்பது அதன் கேள்வி.

இப்போதைக்கு வேலை செய்கிற மருந்து சுமைதான். 2008-ல் நிலையத்துக்குப் போன ஏரெட் என்ற பளுப்பயிற்சிக் கருவியில் வெற்றிட உருளைகள் இரும்புத் தட்டுகளின் இடத்தில் இருக்கின்றன. 272 கிலோ வரை எதிர்ப்புத் தரும். உட்கார்ந்து எழும் பயிற்சியில் அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தரையில் 70 கிலோ ஆள் 40 கிலோ தண்டைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தால், அவருடைய சொந்த எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கையும் சேர்த்தே தூக்குகிறார். விண்வெளியில் அந்தப் பங்கு காணாமல் போகிறது. அங்கே 40 கிலோ வைத்தால் அது ஏமாற்று வேலை. 90 கிலோவுக்கு மேல் வைத்தால்தான் சமம். முந்தைய கருவி 136 கிலோவோடு நின்றுவிட்டது, எலும்பும் தசையும் போதுமான அளவு தேறவில்லை. ஓடும் பொறியில் தோளிலும் இடுப்பிலும் வார்கட்டி இழுத்துப் பிடிக்கிறார்கள். வார் அழுத்தி எரிச்சலாகும் என்பதால் முழு உடல் எடைக்கு ஈடாக இழுத்துக் கட்ட பெரும்பாலோரால் முடிவதில்லை. தினமும் இரண்டரை மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்கப்படுகிறது. அதில் கருவியைப் பூட்டி அவிழ்க்கும் நேரமும் அடக்கம்.

இனி ரத்தத்துக்கு வருவோம். இதைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை.

ஈ.எஸ்.ஆர். பரிசோதனை எல்லாருக்கும் தெரியும். குழாயில் ரத்தத்தை நிறுத்திவைத்து ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று பார்ப்பது. அவை வேகமாக இறங்கக் காரணம், ஃபைப்ரினோஜென் போன்ற புரதங்கள் நடுவில் நின்று அணுக்களைக் காசு அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டவைப்பது. உடம்புக்குள்ளும் இதே அடுக்கு, ரத்தம் மெதுவாக ஓடும் இடத்தில் உருவாகும். ஓட்டம் வேகமானால் பிரிந்துவிடும். தரையில் இதை ஆராய்வதில் ஒரு சிக்கல்: அணுக்கள் ஒட்டும்போதே கீழே படிந்தும் விடுகின்றன, எது எதனால் என்று பிரிக்க முடியாது. சிட்னியில் ஆய்வு செய்த லியோபோல்ட் டின்டென்ஃபாஸ் 1985 ஜனவரியில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் ஒரு கருவியை அனுப்பினார். கண்ணாடித் தகடுகளுக்கு இடையிலான மெல்லிய இடுக்கில் ரத்தம் ஓடி நிற்பதைத் தானாகவே படம் பிடிக்கும் கருவி. நோயாளிகளின் ரத்தம் தரையில் கட்டி கட்டியாகத் திரண்டது. மேலே அதே ரத்தம் ஒழுங்கான காசு அடுக்காக நின்றது. அணுக்களின் வடிவம் மாறவில்லை. ஆக, எடையின்மை சிவப்பணுவை நேரடியாகப் பிசுபிசுப்பாக்குவதில்லை. குற்றவாளி வேறு, அது ஓட்டம்.

ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள், தங்கள்மேல் உரசிப்போகும் ஓட்டத்தை உணர்ந்துகொண்டே இருக்கின்றன. சீரான ஓட்டம் இருந்தால் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து வழுவழுப்பாக இருக்கும். ஓட்டம் தேங்கினால், குறிப்பாகச் சிரை வால்வுகளின் பைபோன்ற மூலையில் ஆக்சிஜன் குறைந்தால், அதே செல்கள் பி-செலக்டின், வான் வில்லிபிராண்ட் காரணி என்ற ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டுகின்றன. வெள்ளையணுக்கள் செலக்டினில் பட்டு உருள்கின்றன, பிறகு இன்டெக்ரின் கொக்கியால் இறுகப் பிடித்து நிற்கின்றன, தட்டணுக்கள் வந்து சேர்கின்றன. சிரையில் உறைவு தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். வெட்டுக்காயம் எதுவும் வேண்டியதில்லை.

விண்வெளி வீரர்களின் வெள்ளையணு ஒட்டுமூலக்கூறுகளை அளந்த பழைய முடிவுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பல மாதிரிகள் இறங்கிய பின் எடுத்தவை. இறக்கம் என்பதே பெரிய அதிர்ச்சி. அட்ரினலினும் கார்டிசாலும் ஏறினால் சுவரோரம் ஒட்டியிருந்த வெள்ளையணுக்கள் ஓட்டத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கை கூடும், அவற்றின் மேலிருக்கும் எல்-செலக்டின் என்ற ஒட்டுமூலக்கூறின் அளவும் மாறும். அதை "விண்வெளியின் விளைவு" என்று எழுதினால், இறங்கிய விளைவைத்தான் எழுதுகிறோம். இதற்காகத்தான் பின்னாளில் கலம் கிளம்புவதற்குச் சற்று முன் நிலையத்திலேயே ரத்தம் எடுத்து, உறையவைக்காமல், இரண்டு நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்கும் ஏற்பாடு செய்தார்கள். தரையிலும் இதே கவனம் வேண்டும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவைப் பிரித்தெடுக்கும் வேலையே அதைக் கிளறிவிடும்; செல்களைச் சுழற்றி எடையின்மையைப் போலச் செய்யும் சுழல் கலத்தில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அது உருளும்போது உண்டாகும் உரசல் "எடையற்ற" சோதனையைக் கெடுத்துவிடும்.

ஓட்டம் உண்மையிலேயே நின்றுபோவது 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தது. எடையற்ற நிலையில் காலில் இருக்க வேண்டிய திரவம் மேலே ஏறிவிடுகிறது. முகம் உப்பும், கால் குச்சியாகும். 11 பேரின் கழுத்துச் சிரையை நிலையத்திலேயே ஸ்கேன் செய்தபோது ஆறு பேருக்கு ரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ ஓடியது. ஒருவருக்கு அடைக்கும் உறைவே இருந்தது, அதுவும் எந்த அறிகுறியும் இல்லாமல். பயணம் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நிலையத்தில் உறைவைத் தடுக்கும் இனாக்ஸாபாரின் ஊசி மருந்து இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். சரக்குக் கலம் அதே வேலை செய்யும் அபிக்ஸபான் மாத்திரையைக் கொண்டுவரும் வரை தாக்குப்பிடிக்க இடையில் அளவைக் குறைத்தார்கள். புட்டியிலிருந்து மருந்தை உறிஞ்சுவதே பாடு; திரவம் கீழே தங்காமல் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ரத்தக்கசிவு வந்தால் கொடுக்க முறிமருந்தும் அப்போது அங்கே இல்லை. அவர் நலமாகத் திரும்பினார்.

தினமும் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்பவருக்கா இது வந்தது என்றால், ஆமாம். காலுக்குச் சுமை கொடுத்தால் காலின் தசை தேறும். கழுத்தில் தேங்கிய ரத்தம் அதனால் நகராது. அதற்கு இடுப்புக்குக் கீழே உறிஞ்சழுத்தம் கொடுத்து ரத்தத்தைக் கீழே இழுக்கும் உடை, அறை என்று வேறு வழிகள் தேடுகிறார்கள்.

பூமியில் கட்டிலில் கதை தலைகீழ். இங்கே உறைவு கெண்டைச் சதைக்குள் தொடங்குகிறது. சோலியஸ் தசைக்குள் இருக்கும் சிரைக் குழிகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புவது அந்தத் தசை சுருங்கும் வேலைதான். கரைகிற தசையும் ஒட்டுகிற ரத்தமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அதனால் இங்கே ஒரே பயிற்சி இரண்டுக்கும் உதவும். விண்வெளி வீரருக்கு இல்லாத வசதி இது. அறுபது வயதைக் கடந்த ஆரோக்கியமானவர்கள் வெறும் 10 நாள் படுத்ததில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போனது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்குப் பத்தாம் நாளில் முன்தொடைத் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு 17.7 சதவீதம் குறைந்ததாக 2013-ல் ஒரு ஆய்வு அளந்து காட்டியது.

வீட்டில் செய்யக்கூடியது: விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு பாதத்தையும் 10 முதல் 15 தடவை முழுவதுமாக மேலே இழுத்து, முழுவதுமாகக் கீழே அழுத்த வேண்டும். விரலை மட்டும் ஆட்டினால் சோலியஸ் சுருங்காது. பெரும்பாலானோர் செய்யும் தவறு அதுதான். முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து நொடி பிடித்து விடுவது முன்தொடைக்கு. முட்டிக்கடியில் தலையணை வைத்து நாளெல்லாம் கிடத்துவது சுகமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கியே இறுகும், பின்புறச் சிரையும் அழுந்தும். மருத்துவர் அனுமதித்த அன்றே கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். இரண்டு நிமிடம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று பார்த்த பிறகுதான் நிற்க வைக்க வேண்டும். நிற்பது மிக முக்கியம். படுத்தபடி நூறு தடவை காலாட்டினாலும் நிற்கும் சுமைக்கு ஈடாகாது.

சாப்பாட்டில் நம் பழக்கம் கஞ்சி. ஒரு டம்ளர் அரிசிக்கஞ்சியில் புரதம் மிகக் குறைவு. நோயுற்ற முதியவருக்கு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது பரிந்துரை. 50 கிலோ பாட்டிக்கு அது 60 கிராமுக்குக் குறையாது. ஒரு முட்டையில் 6 கிராம். மீதியைப் பருப்பு, தயிர், பால், மீன் என்று வேளைக்கு வேளை பிரித்துத்தான் எட்ட முடியும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டையில் வலியும் சூடும் இருந்தால், முட்டிக்குக் கீழே முன்னெலும்பு மேடு தட்டுப்படும் இடத்திலிருந்து 10 செ.மீ. இறக்கி இரண்டு கால்களையும் நாடாவால் சுற்றி அளந்து பாருங்கள். 3 செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றே டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். வித்தியாசம் அதற்குக் குறைவு என்பதால் வலியை விட்டுவிடவும் கூடாது. "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று தைலம் போட்டு உருவாதீர்கள். உறைவு பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தும் வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.