ஹார்ட் டிஸ்க்கின் அலைச்சல்: டிஃப்ராக் உண்மையில் என்ன செய்கிறது?

பழைய கணினி மெதுவானால் புது ராம் வாங்கிப் போடு என்பதுதான் முதலில் வரும் யோசனை. உள்ளே சுழல்வது ஹார்ட் டிஸ்க் என்றால், காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியது வேறொன்று: கோப்புகள் அந்தத் தட்டின் மேல் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பது. சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்த்து அடுக்கும் வேலைக்குத்தான் டிஃப்ராக் என்று பெயர்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போல மின்னும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு மெல்லிய கை நீள்கிறது. அதன் நுனியில்தான் எழுதவும் படிக்கவும் செய்யும் முனை. மேசைக் கணினிகளில் இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. கை சரியான தடத்துக்குப் போய்ச் சேரச் சராசரியாக 9 மில்லிநொடி ஆகிறது. போன பிறகும், வேண்டிய இடம் முனைக்குக் கீழே சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குச் சராசரியாக அரைச் சுற்று, சுமார் 4 மில்லிநொடி. ஆக, இடம் மாறும் ஒவ்வொரு முறையும் 13 மில்லிநொடி போய்விடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 100 எம்.பி. படிக்கும் டிஸ்க்கில், 40 எம்.பி. கோப்பு ஒரே நீளமாக இருந்தால் 0.4 நொடியில் படித்துவிடலாம். அதுவே 1,000 துண்டுகளாகத் தட்டெங்கும் கிடந்தால், கையின் அலைச்சலுக்கு மட்டும் 13 நொடி! துண்டுகள் அருகருகே இருந்தால் இது குறையும். ஆனாலும், படிப்பதைவிடத் தேடுவதற்கே நேரம் போகிறது என்பது மாறாது.

கோப்பு ஏன் துண்டாகிறது? கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். முறை, தட்டை வழக்கமாக 4 கே.பி. அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. பழைய கோப்புகளை அழிக்க அழிக்க, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கட்டங்கள் காலியாகின்றன. அடுத்து ஒரு பெரிய கோப்பு வரும்போது, கடைசி நேரத்தில் ரயில் டிக்கெட் எடுத்த குடும்பத்தைப் போல, அது பெட்டிக்கு ஒருவராகப் பிரிந்து உட்கார வேண்டியதுதான். நாளுக்கு நாள் வளரும் கோப்புகளின் நிலை இன்னும் மோசம். மின்னஞ்சல் சேமிப்புக் கோப்பு நேற்று முடிந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்று வேறொரு கோப்பு வந்து உட்கார்ந்திருக்கும். வளர்ந்த பகுதி வேறு எங்காவதுதான் போக முடியும். எந்தத் துண்டு எங்கே தொடங்கி எத்தனை கட்டம் நீள்கிறது என்பதை மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற பதிவேடு குறித்துக்கொள்கிறது.

டிஃப்ராக் செய்வது இதைத் திருப்பிப் போடும் வேலை. தொடர்ச்சியான காலி இடத்தைத் தேடி, துண்டுகளை அங்கே வரிசையாக நகலெடுத்து, பதிவேட்டில் முகவரியை மாற்றி, பழைய இடத்தை விடுவிக்கிறது. நகலெடுக்க இடம் வேண்டும் அல்லவா? அதனால்தான் விண்டோஸ் எக்ஸ்பி-யில் இருந்த கருவி 15 சதவீதமாவது காலி இடம் கேட்டது. டிஸ்க் நிரம்பி வழிந்தால், வேண்டாதவற்றை முதலில் நீக்குங்கள்.

விண்டோஸ் 98 காலத்தில் திரையில் வண்ணக் கட்டங்கள் நகர்வதைப் பார்த்தபடி மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். இடையில் வேறொரு நிரல் டிஸ்க்கில் எதையாவது எழுதினால் போதும், வேலை முதலிலிருந்து தொடங்கிவிடும். விண்டோஸ் விஸ்டா வந்தபின் வாரம் ஒருமுறை தானாகவே நடக்கும்படி அமைத்தார்கள். 64 எம்.பி.க்கு மேற்பட்ட துண்டுகளைத் தொடுவதையும் விட்டுவிட்டார்கள். மிகச் சரியான முடிவு அது. அவ்வளவு பெரிய துண்டைப் படிக்கவே அரை நொடிக்கு மேல் ஆகும்போது, நடுவில் ஒரு 13 மில்லிநொடித் தாவலால் என்ன வந்துவிடப் போகிறது? துண்டே இல்லாத டிஸ்க்குக்காகத் தினமும் மெனக்கெட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் டிஃப்ராக் பக்கமே போகாதீர்கள். படங்களையும் ஆவணங்களையும் உடனே வேறிடத்தில் நகலெடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் டிஃப்ராக் செய்தால், அந்தக் கடும் ஓட்டமே அதை முடித்துவிடலாம்.

தட்டுக்குப் பதில் நினைவகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யின் கதை வேறு. அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. துண்டுகள் எங்கே கிடந்தாலும் எடுக்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் நினைவகச் செல்களை அழித்து எழுதுவதற்கு ஓர் எண்ணிக்கை வரம்பு உண்டு என்பதால், வெளியிலிருந்து டிஃப்ராக் நிரல்களைக் கொண்டுவந்து ஓட்டினால் அதன் ஆயுளைத்தான் வீணாகத் தேய்க்கிறோம். ஸ்டார்ட் மெனுவில் ‘டிஃப்ராக்’ என்று தட்டினால் திறக்கும் பட்டியலில், உங்களிடம் இருப்பது எந்த வகை என்று விண்டோஸே காட்டும். எஸ்.எஸ்.டி. என்றால் அங்குள்ள ‘ஆப்டிமைஸ்’ பொத்தான் வழக்கமாகச் செய்வது ‘ட்ரிம்’ என்ற வேறு பணி: அழிக்கப்பட்ட கோப்புகளின் இடங்கள் இனித் தேவையில்லை என்று டிரைவுக்குத் தெரிவிப்பது. அதைத் தாராளமாக ஓட்டலாம்.