புதினா ஏன் ஓவனுக்குள் போகக் கூடாது?

கோடைக்கு ஏற்ற பழ இனிப்பு என்றதும் பழத்தோடு தயிரும் புதினாவும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மூன்றையும் ஒன்றாகப் போட்டு பேக் செய்தால், பழம் மட்டும்தான் உருப்படியாக வெளியே வரும். தயிர் திரிந்திருக்கும், புதினா கறுத்து மணம் போயிருக்கும். எதை ஓவனுக்குள் அனுப்புவது, எதை வெளியே நிறுத்துவது என்பதில்தான் இந்த இனிப்பின் சூட்சுமமே இருக்கிறது.

பீச், பிளம், மாம்பழம் என எதை எடுத்தாலும் அதன் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஓவனை 180 டிகிரி செல்சியஸில் வைத்தாலும், சாறு நிறைந்த துண்டுக்குள் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். அதற்கு மேல் வருகிற வெப்பம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. பழத்தின் மேலே மொறுமொறுப்புக்காகத் தூவும் ஓட்ஸில் ஈரம் குறைவு. அதனால் அது 140 டிகிரியைத் தாண்டிச் சிவக்கிறது. அதன் வறுத்த மணம், புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிகழ்த்தும் மெயிலார்டு வினையால் வருவது. ஒரே பாத்திரம்தான், ஆனால் கீழே வேகிறது, மேலே வறுபடுகிறது.

பழத்தின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை பெக்டின். 80 டிகிரிக்கு மேல் போனால் அது மெல்லக் கரையத் தொடங்கும், துண்டு குழையும். புளிப்பு அந்தக் கரைதலைத் தாமதப்படுத்துகிறது. எலுமிச்சைச் சாறு சேர்த்த துண்டுகள் வடிவம் கலையாமல் நிற்பது இதனால்தான். சர்க்கரையோ செல்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். அந்தச் சாற்றைக் கெட்டிப்படுத்தச் சோள மாவு (கார்ன்ஃப்ளார்) வேண்டும். அதன் துகள்கள் 60 டிகிரிக்கு மேல்தான் நீரைக் குடித்து ஊதும். ஓரங்களில் மட்டும் அல்ல, நடுவிலும் சாறு கொப்பளிக்கும்வரை பொறுக்க வேண்டும். வெளியே எடுத்ததும் சாறு நீர்த்துத் தெரிந்தால் பதற வேண்டாம். ஆறும்போதுதான் மாவுச்சத்தின் நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும்.

சரி, தயிர்? அது கேசீன் என்ற புரதம் பின்னிய மெல்லிய வலை. சூட்டில் அந்த வலை சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து விடுகிறது. தயிரில் உயிரோடு இருக்கும் பாக்டீரியாக்களும் ஓவன் சூட்டில் பிழைக்காது. தயிருக்குரிய இடம் ஆறிய பழத்தின் மேல்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி புதினாவினுடையது. அதைக் கடித்தால் வாய் சில்லென்று இருக்கும், ஆனால் வாயின் வெப்பநிலை மாறுவதில்லை. நம் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் உண்டு. சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அது திறந்துகொண்டு, 'குளிர்' என்று மூளைக்குச் சேதி அனுப்பும். புதினாவில் உள்ள மென்தால் என்ற மணப்பொருளும் அதே கதவைத் திறக்கிறது. விஞ்ஞானிகள் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படாபூட்டியனும் 2002-இல் இதைத் தனித்தனியே கண்டறிந்தார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் புரதங்களைக் கண்டறிந்ததற்காக 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மென்தால் எளிதில் ஆவியாகும், கொதிக்கும் சாற்றின் நீராவியோடு வெளியேறிவிடும். பேக் செய்யும்போது சமையலறை மணக்கிறது என்றால், தட்டில் இருக்க வேண்டியது காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், குளிர்ந்த இனிப்பு உடலை எவ்வளவு குளிர்விக்கும்? 5 டிகிரியில் இருக்கும் 200 கிராம் இனிப்பை 37 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 24 கிலோஜூல் வெப்பம் தேவை. 60 கிலோ எடையுள்ள உடலிலிருந்து அவ்வளவு வெப்பம் போனால், வெப்பநிலை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறையும். தோலில் 10 கிராம் வியர்வை உலர்ந்தாலே இதே அளவு வெப்பம் போய்விடும். அந்த வியர்வைக்கு வேண்டிய தண்ணீரையும் இந்தப் பழமே தருகிறது.

நாக்கு ஒன்றைக் கவனிக்கிறது: குளிர்ச்சி கூடக்கூட இனிப்பு மங்கித் தெரியும். சூட்டில் ருசி பார்த்துச் சரியென்று தோன்றிய சர்க்கரை, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குறைவாகத் தோன்றும். கூடுதலாகச் சர்க்கரை கொட்டுவதைவிட, பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பழத்தை வெளியே எடுத்து வைப்பது நல்லது. சில்லென்ற தயிரைக் கடைசியில் ஊற்றி, புதினாவை அந்த நிமிடமே கிள்ளிப் போட்டால் போதும்.