லிபரல் ஆர்ட்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

பிளஸ் டூ முடித்த பிள்ளை 'லிபரல் ஆர்ட்ஸ் படிக்கப் போகிறேன்' என்று சொன்னால், 'ஓவியமா, நடனமா?' என்றுதான் பல வீடுகளில் கேட்பார்கள். 'லிபரல்' என்றதும் அரசியல் தாராளவாதத்தை நினைப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. மொழி, வரலாறு, மெய்யியல், கணிதம், இயற்கை அறிவியல், சமூக அறிவியல் எனப் பல துறைகளிலும் காலூன்ற வைத்து, அவற்றில் ஒன்றில் ஆழப் போகச் செய்யும் பட்டப்படிப்புக்குத்தான் இந்தப் பெயர். கணிதத்தையும் இயற்கை அறிவியலையும் விட்டுவிட்டால் அது லிபரல் ஆர்ட்ஸே ஆகாது.

மூலம் லத்தீன்: 'ஆர்த்தெஸ் லிபெராலெஸ்'. 'லிபெர்' என்றால் அடிமை அல்லாதவர். 'ஆர்ஸ்' என்றால் கற்றுத் தேர்ந்த வித்தை. கூலிக்குக் கைவேலை செய்வது அடிமைக்கும் எளியவருக்கும் உரியது, சபையில் பேசி வழக்காடி ஊரை நடத்துபவருக்கு உரிய படிப்பு வேறு என்று ரோமானியர் பிரித்து வைத்திருந்தார்கள். பிறப்பிலேயே இப்படி ஆளைத் தள்ளிவைத்த சொல் இது. முதல் நூற்றாண்டில் ரோமானிய மெய்யியலாளர் செனெகா தம் கடிதம் ஒன்றில், சுதந்திர மனிதனுக்குத் தகுந்தவை என்பதால் இவற்றுக்கு இந்தப் பெயர் என்கிறார். கூடவே, மனிதனை உண்மையில் விடுவிப்பது ஞானத்தைத் தேடும் படிப்பு ஒன்றே என்றும் வாதிடுகிறார். சுதந்திரமானவர் படிப்பது என்ற பொருள், படிப்பவரைச் சுதந்திரமாக்குவது என்று திரும்பத் தொடங்குவதை இங்கே பார்க்கிறேன்.

இடைக்கால ஐரோப்பாவில் பட்டியல் ஏழாக நின்றது. இலக்கணம், தருக்கம், சொல்வன்மை மூன்றும் ஒரு தொகுதி. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் நான்கும் இன்னொன்று. இசை இடம்பெற்றதுகூட சுரங்களுக்கு இடையிலான விகிதக் கணக்குக்காகத்தான். ஓவியமும் சிற்பமும் பட்டியலிலேயே இல்லை. இந்த ஏழையும் முடித்தவர்தான் சட்டம், மருத்துவம், இறையியல் பக்கம் போவார். பி.ஏ., எம்.ஏ. பட்டங்களில் உள்ள 'ஏ' இந்த ஆர்ட்ஸ்தான்.

பொருள் முழுதாகத் திரும்பிய இடம் என்று நான் நினைப்பது அமெரிக்கா. அடிமைமுறை ஒழிந்ததும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866இல் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் பள்ளி தொடங்கியது. பின்பு பல்கலைக்கழகமான அங்கே படித்தவர் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ். கறுப்பினத்தவருக்கு முதலில் கைத்தொழில் பயிற்சியே வேண்டும் என்று கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் சொல்லிவந்தார். 1903இல் டூ பாய்ஸ் அதை எதிர்த்து எழுதினார். தொழிற்பயிற்சி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதோடு நிறுத்தினால் அந்தத் தொழிற்பள்ளிக்கே ஆசிரியர் எங்கிருந்து வருவார், மக்களுக்காகச் சிந்தித்து வழிகாட்ட யார் இருப்பார் என்பதே அவர் வாதம். அடிமைக்கு மறுக்கப்பட்ட படிப்பை அடிமைகளின் பிள்ளைகள் உரிமையாகக் கேட்டார்கள். இந்தப் படிப்பால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

தமிழருக்கும் இந்தக் கல்வி புதிதல்ல. 1823இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி என்னும் உயர்கல்விக்கூடத்தில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல், மெய்யியல் எல்லாம் கற்பித்தார்கள். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். ஆசிரியர், கணக்குத் துறை அலுவலர், வழக்கறிஞர், புதுக்கோட்டையில் நீதிபதி என்று வேலைகள் மாறின. இதற்கிடையே 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவரும் அவரே.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தாராளக் கலைகள்' என்பது 'லிபரல்' என்பதன் வேறொரு பொருளைப் பிடித்துக்கொண்டது. இலங்கையில் புழங்கும் 'தாராண்மை' அரசியல் கொள்கைக்குப் பொருந்தும், படிப்புக்குப் பொருந்தாது. 'நுண்கலை' வேறு துறை. 'மானுடவியல்' அதைவிடத் தொலைவு.

'பல்கலைக் கல்வி' என்பதே என் தேர்வு. இன்று கலை என்றால் ஆடல் பாடலாகச் சுருங்கிவிட்டது. ஆனால் கலைமகள், கலைச்சொல், கலைக்களஞ்சியம், இளங்கலை ஆகியவற்றில் அது அறிவுத்துறை என்ற பழைய பொருளோடு அப்படியே இருக்கிறது. 'கல்' என்னும் வேரிலிருந்து வந்தது என்பர் ஒரு சாரார்; வடமொழிக் 'கலா' என்பர் மற்றவர். எப்படியிருந்தாலும் அறுபத்து நான்கு கலைகளின் பட்டியலில் மொழியறிவோடு தச்சும் மணிகளின் தரம் பார்ப்பதும் உண்டு. ரோமானியர் ஒதுக்கிய கைவினையை நம் சொல் உள்ளே சேர்த்துக்கொண்டது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

செய்தித்தாள்கள் 'பல்கலை' என்று பல்கலைக்கழகத்தைச் சுருக்கி எழுதுவதால் சிறு குழப்பம் வரலாம். அதனால் தனியாக நிறுத்தாமல் 'பல்கலைக் கல்வி', 'பல்கலைப் பட்டப்படிப்பு' என்று சேர்த்தே எழுதுங்கள். 'பல்துறை' என்பதை, ஒரே ஆய்வில் பல துறையினர் கூடி வேலை செய்வதைச் சொல்ல வைத்துக்கொள்ளலாம்.