விந்தணுவுக்கும் வயதுண்டு

திருமணமாகிச் சில ஆண்டுகள் கடந்தும் குழந்தை பிறக்கவில்லை என்றால், நம் வீடுகளில் முதலில் எண்ணிப் பார்க்கப்படுவது மனைவியின் வயதுதான். ஆணுக்கு மாதவிடாய் நிற்பது போன்ற எல்லைக்கோடு எதுவும் இல்லை. எழுபது வயதிலும் விந்தணு உற்பத்தி நடக்கக்கூடும். ஆனால் உற்பத்தி நிற்பதில்லை என்பதையே, அதை முதுமை தீண்டுவதில்லை என்று நாம் பொருள் கொண்டுவிட்டோம்.

விரைக்குள் நூல்போலச் சுருண்டு கிடக்கும் நுண்குழல்களின் சுவரையொட்டி மூலச்செல்கள் அமர்ந்திருக்கின்றன. பருவமடைந்த பிறகு இவை ஏறத்தாழ 16 நாள்களுக்கு ஒருமுறை, அதாவது ஆண்டுக்குச் சுமார் 23 முறை பிரிகின்றன. பிரிந்தவற்றுள் சில மூலச்செல்களாகவே தங்கிவிட, மற்றவை சுமார் 74 நாள்களில் தலையும் வாலும் கொண்ட விந்தணுக்களாகின்றன. ஒவ்வொரு பிரிதலிலும் டிஎன்ஏ முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும். ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டால் அந்தப் பிழை அடுத்தடுத்த படிகளிலும் தொடர்வது போல, நாற்பது வயதுக்காரரின் மூலச்செல்லில் அறுநூறு படிகளுக்கு மேல் சேர்ந்த பிழைகள் தங்கியிருக்கும்.

இதை எண்ணிக் காட்டியது, ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களின் மரபணுத் தொகுதியைப் படித்து 2012-இல் வெளியான ஆய்வு. தந்தையின் வயது ஓராண்டு கூடும்போது, குழந்தை பெறும் புதிய மரபணுப் பிறழ்வுகளும் சுமார் இரண்டு கூடுகின்றன என்று அது கண்டது. இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில அப்படியல்ல. கை கால் எலும்புகள் குறுகி வளரும் அகோண்ட்ரோபிளேசியாவுக்கு ஒரேயொரு டிஎன்ஏ எழுத்து மாறினாலே போதும். அந்த மாற்றம் பெற்ற மூலச்செல் அண்டைச் செல்களை முந்திப் பெருகுவதால், வயது ஏற ஏற விரையில் அதன் பங்கும் கூடுகிறது. ஒரு தனிமனிதருக்கு இந்த ஆபத்து மிகச் சிறியதே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பரிசோதனைக்கூட அறிக்கை இவற்றில் எதையும் காட்டாது. ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கீழ்வரம்பைத் தாண்டிவிட்டால், அந்த வரிக்கு எதிரே 'இயல்பு' என்று எழுதிவிடுகிறார்கள். வயதால் குறைவது பெரும்பாலும் விந்தின் அளவும் அணுக்களின் நீந்தும் திறனும்தான். எண்ணிக்கை அவ்வளவாக மாறுவதில்லை. டிஎன்ஏ இழைகளில் முறிவுகளும் கூடுகின்றன. முதிர்ந்த விந்தணு தன் செல்சாற்றைப் பெருமளவு உதறிவிடுவதால், முறிவைச் சீர்செய்யும் வசதி அதனிடம் அநேகமாக இல்லை. அந்த வேலை கருமுட்டையின் தலையில் விழுகிறது. கருச்சிதைவுகள் தொடரும்போது மனைவியை மட்டும் சோதித்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய அநீதி!

ஆண்மைக்குரிய ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முப்பது, நாற்பது வயதுக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. இந்த இறக்கத்தை ஈடுகட்ட ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், விரையை இயக்கும் சமிக்ஞைகளை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி நிறுத்திவிடுகிறது. விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்வரை இறங்கக்கூடும். ஊசியை நிறுத்திய பின் உற்பத்தி மீளப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். ஆகவே குழந்தை வேண்டுமென்று காத்திருப்பவர், அந்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.