பார்க்கின்சன் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்

போன வாரமும் ஒரு பெரியவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம் வந்து சில வருடங்கள் ஆனவர். நடை தளர்ந்திருந்ததால் அதற்கு முந்தைய வருகையில் இந்நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபாவின் அளவைக் கூட்டியிருந்தேன். வீட்டுக்குப் போனதும் குமட்டல். "அப்பாவுக்கு ஒத்துக்கலை டாக்டர், கொஞ்ச நாள் உடம்புக்கு ரெஸ்ட் கொடுக்கலாம்னு எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டோம்" என்றார் மகன். வந்தபோது உடம்பு விறைத்துக் கிடந்தது. கடும் காய்ச்சல், ஆளை அடையாளம் தெரியாத குழப்பம்.

எத்தனை முறைதான் சொல்வது! லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகலாம். தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும், உயிரே போகலாம். இதே நோய்க்குக் கொடுக்கும் அமான்டடினையும் சட்டென்று விடக் கூடாது. பிராமிபெக்சோல், ரோபினிரோல் என்ற மற்ற பார்க்கின்சன் மாத்திரைகளை ஒரேயடியாக நிறுத்தினால் பதற்றமும் வியர்வையும் மனச்சோர்வும் ஆளை வாட்டும். குறைப்பதென்றாலும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நிறுத்தும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "இப்பவே டோஸ் ஏத்திட்டா அப்புறம் மாத்திரை பலிக்காதாமே? கடைசிக் காலத்துக்கு மிச்சம் வைக்கலாமே?" ஐயா, அம்மா, இது சேமித்து வைக்கிற பொருள் இல்லை. உடம்பின் அசைவைச் சீராக வைப்பது டோபமின் என்ற ரசாயனம், லெவோடோபா மூளைக்குள் போய் அதுவாகத்தான் மாறுகிறது. வருடங்கள் போகப் போக மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் குறைகின்றன. மருந்தை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும் திறனும் அவற்றோடு போய்விடுகிறது. அதனால்தான் ஒரு வேளை மாத்திரை முன்புபோல் அடுத்த வேளை வரை தாங்குவதில்லை. நோய் முன்னேறியதற்கு மாத்திரை மேல் பழி போடுகிறீர்கள். கானாவில் பலருக்கு லெவோடோபா கிடைப்பதே வெகு தாமதம், இத்தாலியில் சீக்கிரமே கிடைத்துவிடும். இரு நாட்டு நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளியானது. தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும், நோய் வந்து ஏறக்குறைய அதே வருடக் கணக்கில்தான் பலன் நடுவில் அறுந்துபோவதும், உடம்பு தானாக நெளிவதும் ஆரம்பித்தன. தள்ளிப்போட்டதால் அவர்கள் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. நன்றாக நடந்திருக்கக்கூடிய வருடங்களை இழந்ததுதான் கண்ட பலன். அளவு தேவைக்கு மேல் போகக் கூடாது என்பது உண்மைதான். அதைக் கவனிக்கத்தான் நாங்கள் இருக்கிறோம்.

சரி, குமட்டலுக்கு வருவோம். அளவு மாறிய புதிதில் குமட்டல், தலைசுற்றல், பகலில் தூக்கம் எல்லாம் வரலாம். பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே அதற்காகத்தான். தொடக்கத்தில் மட்டும் ஒரு பிஸ்கட்டோடு போட்டுக்கொள்ளலாம். ஆனால் மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். மெட்டோகுளோப்ரமைடும் புரோகுளோர்பெராசினும் டோபமினைத் தடுப்பவை, நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டிவிடும். தலைசுற்றலுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் சின்னரிசினும் அப்படித்தான். பார்க்கின்சன் இல்லாதவருக்கே அது நடுக்கத்தை வரவழைத்து, எங்களிடம் அனுப்பிவைக்கும்.

அட்டையையும் படித்துப் பாருங்கள். சிண்டோபா என்பது லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையின் கடைப்பெயர். சிண்டோபா 110, சிண்டோபா பிளஸ் இரண்டிலும் லெவோடோபா 100 மில்லிகிராம்தான். ஆனால் குமட்டலைத் தடுக்கும் கார்பிடோபா முன்னதில் 10, பின்னதில் 25. 275 என்பதில் லெவோடோபாவே 250. "எல்லாம் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். சிஆர் (CR) என்று போட்டிருந்தால் மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் வகை, அந்த மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

குமட்டல் அடங்கியதும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ போடுவது நல்லது. பருப்பு, முட்டை, பால் மாதிரிப் புரதம் வயிற்றில் இருந்தால் மருந்து உள்ளே போவது தடைப்படும். அதற்காகப் புரதத்தையே நிறுத்திப் பெரியவரை எலும்பும் தோலுமாக்கிவிடாதீர்கள், நேரத்தைத் தள்ளி வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பூனைக்காலி விதைப் பொடியிலும் லெவோடோபா இருக்கிறது. அதைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், எங்கள் கணக்கு தப்பாமல் இருக்கும்.

மாத்திரை போட்ட நேரம், உடம்பு இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் போதும். "பரவாயில்லை டாக்டர்" என்ற ஒற்றைப் பதிலை வைத்து என்னால் அளவை மாற்ற முடியாது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதா, இல்லாத ஆட்கள் தெரிகிறார்களா என்றும் பாருங்கள். பிராமிபெக்சோல், ரோபினிரோல் தொடங்கியபின் திடீரென்று ஆன்லைன் சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, பாலியல் நாட்டம் என்று ஆள் மாறினால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அது அவர் குணக்கேடு இல்லை, மருந்தால் வருவது. மாற்ற வழி உண்டு.

பல் பிடுங்கவோ கண்புரை ஆபரேஷனுக்கோ போனால், இந்த மாத்திரைகளைச் சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், "பார்க்கின்சன் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போடலாமா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தயங்கினால் அங்கிருந்தே எங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.