ஏககாலத்தில்: 15 ஆண்டை 7 ஆண்டாக்கும் சொல்

"மூன்று பிரிவுகளில் 7, 5, 3 ஆண்டுகள் கடுங்காவல், இவற்றை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்" என்று தீர்ப்புச் செய்திகளில் படித்திருப்பீர்கள். தலைப்பில் மட்டும் '15 ஆண்டு சிறை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துத் தண்டனை பெற்றவரின் வீட்டார் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார்கள். உண்மையில் அவர் இருக்கப்போவது அதிகபட்சம் 7 ஆண்டு.

ஏகம் என்றால் ஒன்று, வடசொல். ஆங்கிலத்தில் இதைக் கன்கரன்ட் என்பார்கள், அதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்கு 'கூடவே ஓடுவது' என்று பொருள். பொருத்தமான சொல்தான், ஏனென்றால் மூன்று தண்டனைகளும் ஒரே நாளில் ஓடத் தொடங்கி, 3 ஆண்டு முதலில் முடிந்து, அப்புறம் 5 முடிந்து, கடைசியாக 7 முடியும்போது ஆள் வெளியே வருகிறார்.

தமிழில் 'ஒருகாலத்தில்' என்று எழுத முடியாது, அது 'முன்பொரு சமயம்' என்றாகிவிடும். 'ஒருசேர' என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து என்று யாராவது படித்துவிட்டால் பொருளே தலைகீழ். 'ஒரே காலத்தில்' என்பதே குழப்பமில்லாதது. இதன் எதிர்ச்சொல் 'ஒன்றன்பின் ஒன்றாக'.

சரி, தீர்ப்பில் இந்தச் சொல்லே இல்லையென்றால்? ஒரே வழக்கில் பல குற்றங்களுக்குத் தண்டனை என்றால், 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் ஏககாலம் என்று சொல்லாதவரை தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும் என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, குற்றத்தின் கடுமையைப் பார்த்து இரண்டில் எது என்று நீதிமன்றமே உத்தரவிட வேண்டும் என்கிறது. அதனால் தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் ஆண்டுக் கணக்கைக் கூட்ட உட்காராமல், முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

'இரட்டை ஆயுள்' என்று வருகிறதே, அதுவும் அடுத்தடுத்து ஓடாது. மனிதனுக்கு இருப்பது ஒரே ஆயுள் என்பதால், 2016இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அப்படித் தீர்ப்பளித்துவிட்டது.

விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாள்களையும் கழிப்பார்கள். இரண்டு ஆண்டு ஏற்கெனவே இருந்திருந்தால், அந்த 7 ஆண்டில் பாக்கி 5தான். ஆனால் 'அபராதம் கட்டத் தவறினால் மேலும் 6 மாதம்' என்று இருந்தால் அது ஏககாலத்தில் கரையாது. பணத்தைக் கட்டாவிட்டால் அந்த 6 மாதம் தனியாகத்தான் ஓடும்.